மோதிரக் கணக்குக்கு முந்திய கணக்கு

கேள்வி: அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வின் வீரர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டே 1998இலும் 2011இலும் வேலைநிறுத்தம் செய்து ரசிகர்களை வஞ்சித்தார்கள். ஒரு வீரரின் பெருமையை எடைபோடும்போது சங்கம், சம்பளம் என்ற பேச்செல்லாம் எதற்கு? மைக்கேல் ஜோர்டானிடம் ஆறு சாம்பியன் மோதிரங்கள், லெப்ரான் ஜேம்ஸிடம் நான்கு. கணக்கு அத்தோடு முடிந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் யாரை முதலிடத்தில் வைப்பீர்கள்?

பதில்: முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். 1998இலும் 2011இலும் நடந்தவை வேலைநிறுத்தங்கள் அல்ல, கதவடைப்புகள். ஆலைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எவரிடம் கேட்டாலும் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிடுவார்: முன்னதில் உழைப்பவர் வேலைக்குப் போக மறுக்கிறார், பின்னதில் வேலைக்கு வந்தவரை முதலாளி வாசலிலேயே நிறுத்துகிறார். 1998 ஜூலை 1 அன்று கதவைச் சாத்தியவர்கள் அணி உரிமையாளர்கள். வருவாயில் வீரர்களின் பங்கு ஒப்பந்தத்தில் குறித்த அளவைத் தாண்டிவிட்டது என்பதும், அதற்கு முந்திய ஆண்டு மின்னசோட்டா அணி இருபத்தொரு வயதுக் கெவின் கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டாலர் எழுதிக்கொடுத்தது மற்ற உரிமையாளர்களைக் கலங்கடித்தது என்பதும் அதன் பின்னணி. 204 நாள் நீடித்த அந்தக் கதவடைப்பால் 82 ஆட்டங்கள் கொண்ட பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. 2011இல் மீண்டும் 161 நாள் பூட்டு. பருவம் கிறிஸ்துமஸ் அன்றுதான் தொடங்கியது, அணிக்கு 66 ஆட்டங்களே கிடைத்தன, வருவாயில் வீரர்களின் பங்கு 57 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியது. ஊதியத் தகராறில் வீரர்கள் ஆட மறுத்து இழந்த ஆட்டம் என்.பி.ஏ. வரலாற்றில் ஒன்றுகூட இல்லை. ரசிகரை வஞ்சித்தது யார் என்று கேட்பவர், பூட்டும் சாவியும் யார் கையில் இருந்தன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது உங்கள் மோதிரக் கணக்கு. மோதிரங்களை எண்ணினால் போதும் என்றால் பதினொரு முறை சாம்பியனான பில் ரஸ்ஸலோடு விவாதம் தீர்ந்துவிடும். அந்தத் தீர்ப்பை நீங்களே ஏற்கமாட்டீர்கள். என் மறுப்பு அதைவிட அடிப்படையானது. ஒரு வீரர் எந்த வயதில் நுழையலாம், எந்த அணிக்குப் போகலாம், அங்கே அவரோடு யார் யார் சேர்ந்து ஆட முடியும் என்பவற்றையெல்லாம் வீரர்கள் சங்கமும் உரிமையாளர்களும் பேசி முடித்த ஒப்பந்தங்களும், அவை கைகூடாதபோது நீதிமன்றங்கள் தந்த முடிவுகளும்தான் வகுத்திருக்கின்றன. மோதிரங்கள் அந்த நிலத்தில் விளைந்தவை.

1997-98 பருவத்தில் ஜோர்டானின் ஊதியம் 33 மில்லியன் டாலருக்கு மேல். அதே பருவத்தில் ஓர் அணி முழுவதற்கும் விதிக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பு 26.9 மில்லியன். தன் சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக அணி வரம்பைத் தாண்டலாம் என்ற விதி இருந்ததால் சிகாகோ அவரை வைத்துக்கொள்ள முடிந்தது. அவரும் தம் ஆறாவது மோதிரத்தை அங்கேயே பெற்றார். 1999 ஜனவரியில் முடிவான ஒப்பந்தமோ தனியொரு வீரரின் ஊதியத்துக்கே கூரை போட்டது. ஏற்கெனவே கூடுதலாகப் பெற்றுவந்தவர்களை விட்டுவிட்டால், ஆறு ஆண்டுவரை ஆடியவருக்கு 9 மில்லியன், பத்தாண்டு ஆடியவருக்கே 14 மில்லியன் என்பது தொடக்க எல்லையாயிற்று. இதன் விளைவை உரிமையாளர்கள் அன்று முழுதாக எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தம் மதிப்பைவிடக் குறைந்த ஊதியத்துக்கு மட்டுமே ஒப்பமிட முடியும் என்று ஆகிவிட்ட உச்ச வீரர்கள், அந்த ஊதியத்தில் ஒரே அணியில் மூவராகவும் இடம்பிடிக்க முடியும் என்று கண்டுகொண்டார்கள். 2010இல் லெப்ரான், டுவேன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் உச்ச அளவிலிருந்தும் சற்றே குறைத்துக்கொண்டு மயாமியில் ஒன்றுசேர்ந்தது இப்படித்தான். லெப்ரானின் நான்கு மோதிரங்களில் இரண்டு அங்கே கிடைத்தவை.

அவர் இழந்த மோதிரங்களுக்கும் இதே கணக்கு உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு 24 பில்லியன் டாலர் என்ற புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் வருவாய் பெருகவிருந்தபோது, உச்சவரம்பைப் படிப்படியாக உயர்த்தலாம் என்று என்.பி.ஏ. நிர்வாகம் யோசனை சொல்ல, வீரர்கள் சங்கம் 2015இல் அதை நிராகரித்தது. 2016இல் வரம்பு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்கு ஒரே தாவலில் ஏறியது. வரம்புக்குள் அப்படித் திடீரென உண்டான இடத்தில்தான், முந்திய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணிக்கு இன்னோர் உச்ச வீரரான கெவின் டுராண்ட் வந்து சேர முடிந்தது. 2017, 2018 இறுதிப் போட்டிகளில் அவர்களிடம் தோற்றது லெப்ரானின் கிளீவ்லாந்து. சங்கம் அந்த முடிவை எடுத்தபோது அதன் முதல் துணைத் தலைவராக இருந்தவரும் லெப்ரான்தான். சக வீரர்களின் ஊதியத்தை ஒரே ஆண்டில் உயர்த்திய முடிவு அவருக்கு எதிராக நின்ற அணியையும் வலுப்படுத்தியது என்றால், "நான்கு" என்ற வெற்று எண்ணில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

புள்ளிக் கணக்கையும் பாருங்கள். 2023 பிப்ரவரியில் லெப்ரான் கடந்த கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளை எல்லோரும் பேசினோம். கரீம் காலத்தில் பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டு ஆகாதவர் என்.பி.ஏ.வில் ஆட முடியாது. அவர் 1969இல்தான் உள்ளே வந்தார். ஸ்பென்சர் ஹேவுட் என்ற இளைஞர் அந்த விதியை எதிர்த்து வழக்காடி, 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றார். 2003இல் பதினெட்டு வயது லெப்ரான் பள்ளியிலிருந்து நேராக வந்ததற்கு வழி திறந்தவர் அவர். அந்த ஹேவுட் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட 2015வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

கோடிகளைப் பற்றிய உங்கள் குமுறலுக்கு வருகிறேன். இந்தப் போராட்டம் கோடிகளில் தொடங்கவில்லை. 1954இல் பாப் கூசி சங்கத்தை அமைத்த பிறகும் பத்தாண்டுக் காலம் உரிமையாளர்கள் அதை மதிக்கவில்லை. வீரர்களுக்கு ஓய்வூதியம் என்று ஒன்றும் கிடையாது. 1964 ஜனவரி 14 அன்று பாஸ்டனில், நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்த, எல்லா அணிகளின் சிறந்த வீரர்களும் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கு முன்பு, சங்கத் தலைவர் டாம் ஹெய்ன்சனும் மற்ற வீரர்களும் உடைமாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு வாக்குத் தந்தால்தான் களமிறங்குவோம் என்றார்கள். லேக்கர்ஸ் அணியின் உரிமையாளர் தம் வீரர்களான எல்ஜின் பெய்லரையும் ஜெர்ரி வெஸ்டையும் மிரட்டிச் சேதி அனுப்பினார்; அவர்கள் அசையவில்லை. ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம் நெருங்கியபோது ஆணையர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்தார். சற்றுத் தாமதமாகத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் 26 புள்ளிகள், 14 ரீபவுண்ட் (கூடைக்குத் தவறிய பந்தைக் கைப்பற்றுவது), 8 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்தைத் தருவது) எடுத்துச் சிறந்த வீரரானவர் ஆஸ்கர் ராபர்ட்சன். அந்த அறையில் இருந்தவர்கள் அன்றைய ஆட்டத்தின் உச்ச நட்சத்திரங்கள். அவர்களின் பெயர்களுக்கு எடை இருந்ததால்தான் பெயர் தெரியாத சக வீரர்களுக்கும் ஓய்வூதியம் வந்தது.

மறுஆண்டு ராபர்ட்சன் சங்கத் தலைவரானார். 1961-62 பருவம் முழுவதும் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தவர் அவர். ஐம்பத்தைந்து ஆண்டுக்குப் பின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் வரும்வரை மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரியை எவரும் எட்டவில்லை. அத்தகையவருக்கும் ஒப்பந்தம் முடிந்தபின் வேறு அணியைத் தேடிப்போகும் உரிமை இல்லை. ஒப்பமிட்டாலும் இடாவிட்டாலும் வீரர் அணியின் உடைமை. 1970இல், போட்டி அமைப்பான ஏ.பி.ஏ.வுடன் என்.பி.ஏ. இணையவிருந்தபோது, இணைந்தால் வீரரின் உழைப்பை வாங்குபவர் ஒருவராகிவிடுவார் என்பதை உணர்ந்து, ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் தம் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார். ஆறு ஆண்டு நடந்த வழக்கு. 1976இல் சமரசம் ஆன பிறகுதான் இணைப்பே நடந்தது. அணி மாறும் உரிமை அன்றே முழுதாகக் கைக்கு வரவில்லை. 1988இல் டாம் சேம்பர்ஸ் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குத் தடையின்றி மாறியபோதுதான் முழுமை பெற்றது. வழக்கு முடியும் முன்பே, 1974இல், ராபர்ட்சன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தாம் உண்ண முடியாத பழத்துக்கு மரம் நட்டவர் அவர்.

ஜோர்டானைப் பற்றியும் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1995இல் சங்கம் அளவுக்கு மீறி விட்டுக்கொடுக்கிறது என்று பேட்ரிக் யூயிங்குடன் சேர்ந்து கிளர்ந்தவர் அவர். 1998 பேச்சுவார்த்தையில், அணியை லாபத்தில் நடத்த முடியவில்லை என்றால் விற்றுவிடுங்கள் என்று வாஷிங்டன் உரிமையாளர் ஏப் போலினிடம் முகத்துக்கு நேரே சொன்னார். 1999 ஜனவரியில் ஓய்வை அறிவித்துவிட்ட அவருக்கு அந்தச் சண்டையில் சொந்த ஆதாயம் எதுவும் கிட்டவில்லை என்பதால், அந்தச் சொல்லை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் 2010இல் ஷார்லட் அணியை 275 மில்லியன் டாலர் மதிப்பில் வாங்கிய ஜோர்டான், மறுஆண்டுக் கதவடைப்பில், வீரர்களின் பங்கைக் குறைக்க விடாப்பிடியாக நின்ற உரிமையாளர்களில் ஒருவராகச் செய்திகளில் இடம்பெற்றார். 2023இல் பெரும்பான்மைப் பங்கை அவர் விற்றபோது அணியின் மதிப்பு 3 பில்லியன். உரிமையாளரானவர் உரிமையாளராகப் பேசுவது குற்றமல்ல. எனினும் 1998ஐச் சொல்லி அவரைப் போற்றுபவர் 2011ஐ மறைக்கக் கூடாது.

ஒரு பெயரைக் கேட்டீர்கள், சொல்கிறேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்கு மட்டும் என்றால், ஜோர்டான். தமக்குப் பின் வந்த ஒவ்வொரு வீரரின் வாழ்க்கையிலும் விட்டுச்சென்ற தடத்துக்கு என்றால், ஒரே ஒரு மோதிரம், அதுவும் 1971இல் மில்வாக்கியில் பெற்ற ஆஸ்கர் ராபர்ட்சன். 2022 முதல் மேற்குப் பிரிவின் வெற்றிக் கோப்பையில் இருப்பது அவர் பெயர். கிழக்குப் பிரிவுக் கோப்பையில் இருப்பது சங்கத்தை நிறுவிய பாப் கூசியின் பெயர்.