காதில் போட்டதை ஏன் கழற்றுகிறார்கள்?

கேள்வி: எங்கள் தறிக்கூடத்தில் எல்லோருக்கும் இயர் பிளக் கொடுத்திருக்கிறோம். மேற்பார்வையாளர் வரும்போது போடுகிறார்கள். அவர் நகர்ந்ததும் அது சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. அபராதம் விதிக்கலாமா?

பதில்: வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து காது வாசலில் சும்மா செருகி வைப்பார்கள். சத்தம் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். ஏன் கழற்றுகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "தறிச் சத்தம் மாறினால்தான் கோளாறு தெரியும்", "கூப்பிட்டால் காதில் விழவில்லை", "அரிக்கிறது", "என் குரலே பானைக்குள் பேசுவதுபோல இருக்கிறது" என்பார்கள். அத்தனையும் நியாயமான குறைகள்தான்.

முதல் இரண்டும் பெரும்பாலும் தேவைக்கு மேல் அடைக்கும் பிளக்கால் வருகின்றன. காதுக்குள் எட்டும் சத்தம் 75 முதல் 80 டெசிபலாக (சத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் போதும். 70-க்கும் கீழே போனால் இயந்திரமும் கேட்காது, எச்சரிக்கை மணியும் கேட்காது. ஆள் தனியாக விடப்பட்டதுபோல உணர்ந்து கழற்றிவிடுவார். கூடத்தின் சத்தத்தை அளந்த பிறகு பிளக்கைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அட்டையில் பெரிய எண் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அரிப்புக்கு முக்கியக் காரணம் எண்ணெய்க் கையால் உருட்டிச் செருகுவதும், ஒருமுறை போட்டு எறிய வேண்டிய நுரை பிளக்கை நாள்கணக்கில் வைத்திருப்பதும். பானைக் குரல் கேட்பது, பிளக் மேலோட்டமாக நிற்கும்போதுதான் அதிகம். ஆழமாகப் போட்டால் குறையும்.

ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது. காதுத் துளை சிறிதாக இருப்பவருக்கு நுரை பிளக் வலிக்கும். சிலருக்கு இடது காதுக்கும் வலது காதுக்கும்கூட வேறு வேறு அளவு வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வகைகளை வைத்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: யாராவது பேச வந்தால் மட்டும் கழற்றுகிறேன். 8 மணி நேர ஷிஃப்டில் அரை மணிகூட இருக்காது. இதனால் என்ன ஆகிவிடும்?

பதில்: நிறையவே ஆகும். 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை அரை மணி நேரம் கழற்றி வைத்தால், ஷிஃப்ட் முழுவதற்கும் கணக்கிடும்போது சுமார் 12 டெசிபல் பாதுகாப்புதான் மிஞ்சும். சத்தம் 3 டெசிபல் கூடினாலே அதன் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்படும் வரம்பு. 88-இல் 4 மணி, 94-இல் 1 மணி, 100-இல் வெறும் 15 நிமிடம். அந்த அரை மணியிலேயே ஒரு நாள் கோட்டா தீர்ந்துவிடலாம். பேச வேண்டுமானால் கூடத்தைவிட்டு வெளியே வந்து கழற்றுங்கள். உள்ளேயே பேசியாக வேண்டுமென்றால், பிளக் காதிலேயே இருக்கட்டும். எதிரில் இருப்பவர் பக்கத்தில் வந்து முகம் பார்த்துப் பேசட்டும்.

கேள்வி: நுரை பிளக் 10 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது. காது அமைப்பு சரியில்லையா?

பதில்: போடும் முறையைப் பாருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். வளைந்த துளை அப்போதுதான் நேராகும். உடனே செருகி, விரல் நுனியால் 30 வினாடி பிடித்துக்கொள்ளுங்கள். இந்த 30 வினாடியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நுரை விரியும்போதே தன்னை வெளியே தள்ளிக்கொண்டுவிடுகிறது. போட்டபின் இரு காதுகளையும் உள்ளங்கையால் மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக அடைக்கவில்லை. கழற்றும்போது சட்டென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள்.

கேள்வி: 20 வருடமாக இதே சத்தத்தில் இருக்கிறேன். காது பழகிவிட்டது. இனி எதற்கு?

பதில்: காது சத்தத்துக்குப் பழகாது. பழகியதுபோலத் தெரிந்தால், உள்காதின் நுண்மயிர் அணுக்கள் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள். அதனால்தான் "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை" என்ற நிலை வரும். 'ச', 'ஸ' போன்றவை நழுவும். இரைச்சலில் இருந்து ஓர் இரவாவது விலகி இருந்துவிட்டு, காலையில் வேலைக்குப் போகும் முன் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மிச்சமிருக்கும் கேள்திறன் இன்னும் உங்களுடையதுதான், அதைக் காக்க வேண்டும். சாதாரண பிளக் கூர்மையான ஒலிகளையே கூடுதலாகக் குறைப்பதால் உங்களுக்குப் பேச்சு இன்னும் மங்கும். எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கண்ணாடி போடுகிறவர்கள் இயர் மஃப் (காதை வெளியிலிருந்து முழுதாக மூடும் மூடி) அணியலாமா? பஞ்சு வைத்தால் போதாதா?

பதில்: பஞ்சு போதவே போதாது. மஃப் அணியலாம், ஆனால் தடித்த கண்ணாடிக் காம்பும் தொப்பி விளிம்பும் மெத்தையைத் தூக்கி இடைவெளி விடும். மெல்லிய காம்பு பரவாயில்லை. இல்லையென்றால் பிளக்தான் நல்லது. மெத்தை கெட்டியானாலோ விரிசல் விட்டாலோ மாற்றுங்கள். இறுக்கம் குறைய வேண்டும் என்று தலைப்பட்டையை வளைத்து விரித்துவிடாதீர்கள். பிடிமானம் போனால் அந்த மஃப் பயன்படாது.