கேளுங்கள்: காமிக்ஸ் அட்டைகள்

கேள்வி: பழைய காமிக்ஸ் அட்டைகளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்து சக ரசிகர்களுக்கு அனுப்புகிறேன். வானம், முகம் போன்ற இடங்களில் அலை அலையாகக் கோடுகள் விழுகின்றனவே?

பதில்: கோளாறு ஸ்கேனரில் இல்லை. அந்த அட்டைகள் நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் அச்சானவை. புள்ளி வரிசையும் ஸ்கேனரின் பிக்சல் வரிசையும் மோதும்போது இந்த அலை பிறக்கிறது. 600 டிபிஐயில் எடுத்து, பிறகு பாதியாகச் சுருக்குங்கள்; பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளை மங்கவைத்து மறைக்கும் 'டிஸ்க்ரீன்' வசதியும் உதவும். ஆனால் கோட்டோவியத்தின் கூர்மை மழுங்கும். அந்தப் புள்ளிகள்தானே பழைய அட்டையின் அழகு! தானியங்கி வண்ணத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பழுப்பேறிய தாளை வெளுக்கப் போய், மற்ற நிறங்களையும் கெடுத்துவிடும். உள்பக்க அச்சு ஊடுருவித் தெரிந்தால், அட்டைக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள். மூடியை அழுத்தாதீர்கள், துருவேறிய ஸ்டேப்ளர் பின் இருக்குமிடத்தில் தாள் கிழியும்.

கேள்வி: அட்டையில் உள்ள மாதம்தான் வெளியான மாதமா?

பதில்: அமெரிக்க இதழ்களில் பெரும்பாலும் இல்லை. கடையில் பழசாகத் தெரியாதிருக்க மாதத்தை முன்தள்ளி அச்சிடுவார்கள். சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் ஜூன் 1938. விற்பனைக்கு வந்தது ஏப்ரலில்.