பழைய கணப்பை மாற்றப் போகிறீர்களா?

கேள்வி: பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். ஹாலில் விறகு எரிக்கும் செங்கல் கணப்பு ஒன்று இருக்கிறது. எரித்தால் புகை அறைக்குள் வருகிறது, சூடும் தங்குவதில்லை. கடையில் விறகு, கேஸ், மின்சாரம் என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? மொத்தமாக இடித்துவிட்டாலும் பரவாயில்லையா?

பதில்: இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். எதை வாங்கலாம் என்பதைக் கடைக்காரரைவிட உங்கள் புகைபோக்கிதான் சரியாகச் சொல்லும். அதற்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆள்கள் இருக்கிறார்கள். முதல் செலவு அதற்கு இருக்கட்டும். வெடிப்பு, கரிப்பிசின் (புகை ஆறிச் சுவரில் ஒட்டும் கறுப்புப் படிவு), பறவைக்கூடு எல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும்.

புகை உள்ளே வர இன்னொரு காரணமும் இருக்கலாம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, அணைத்த தீக்குச்சியைக் கணப்பின் வாயருகே பிடியுங்கள். அதன் புகை மேலே போகாமல் உங்கள் பக்கம் திரும்பினால், ஃபேன்தான் காற்றை இழுக்கிறது. புதுப்பிக்கும்போது ஜன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

சூடு தங்காததில் அதிசயமில்லை. திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். அறைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதே குழிக்குள் பொருத்துகிற, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு 70 சதவீதத்துக்கு மேல்கூடத் தரும். ஆனால் அதன் புகையைப் பழைய அகலமான செங்கல் குழாயில் அப்படியே விடக் கூடாது. புகை வழியிலேயே ஆறிக் கரிப்பிசினாகப் படியும். அது தீப்பிடித்தால் கூரைக்கே ஆபத்து. உள்ளே எஃகு லைனர், அதாவது அடுப்புக்கேற்ற அளவில் ஒரு உள்குழாய், இறக்க வேண்டும். கொட்டேஷனில் பலர் சொல்லாமல் விடுகிற செலவு இதுதான். லைனர், மேல்மூடி, அடித்தளக் கல், பூச்சு வேலை, எரித்துக் காட்டுவது என எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய மாடலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதற்கும் இடம்கொடுக்காதீர்கள். அறைக்கு மீறிய அடுப்பை எப்போதும் தணித்தே எரிப்பீர்கள், பிசின் இன்னும் சேரும்.

விறகு சுமக்க முடியாது என்றால் கேஸ் வாங்கலாம். வெளிக்காற்றை எடுத்து, கழிவை வெளியிலேயே விடும் இரட்டைக் குழாய் வகையாகப் பாருங்கள். மின்சாரக் கணப்புக்குப் புகைபோக்கியே வேண்டாம், ஆனால் பெரும்பாலும் அது 1500 வாட் ஹீட்டர்தான். தீ மாதிரி தெரிவது வெறும் விளக்கு. அழகுக்கு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இடிப்பதைப் பற்றி: கீழே இடித்தால் மேலே நிற்கும் செங்கல் பாரத்தை யார் தாங்குவது? கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் சுத்தியலைத் தொட விடாதீர்கள். கணப்பைச் சுற்றியுள்ள பழைய பலகையிலும் இடுக்கை அடைக்கும் கயிற்றுத் திரியிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், உடைக்கும் முன் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். இடிக்காமல் வாயை மட்டும் அடைப்பதானால் சிறு காற்றுத்துளை விட்டு, உச்சியில் மழைமூடி போடுங்கள். இல்லையென்றால் சுவரில் ஈரம் ஊறும்.

கேள்வி: புகைக்குழாயே தேவையில்லாத கேஸ் கணப்பு மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: எரிந்த கழிவும் நீராவியும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில்தானே சேரும்? சில இடங்களில் அதற்கு அனுமதியே இல்லை. நான் வாங்க மாட்டேன். எந்த வகையில் தீ எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையில்லாத நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் ஒன்றை அதே பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.