கோழி இறகு நிறம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சேவலும் பெட்டையும் நீலச் சாம்பல். குஞ்சுகளில் கறுப்பும் அழுக்கு வெள்ளையும் வந்திருக்கே, விற்றவர் ஏமாத்திட்டாரா?

பதில்: இல்லை. நீல மரபணு ஒன்று இருந்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இரண்டு சேர்ந்தால் வெள்ளையில் சாம்பல் தெறித்த ஸ்பிளாஷ். நீலத்தோடு நீலம் சேர்த்தால் சராசரியாகக் கால் பங்கு கறுப்பு, பாதி நீலம், கால் பங்கு ஸ்பிளாஷ். எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமா? கறுப்பையும் ஸ்பிளாஷையும் இணை சேருங்கள். இணையை மாற்றும்போது, பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் போன பிறகே அடைக்கு முட்டை எடுங்கள். விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும்.

கேள்வி: வெள்ளைப் பெட்டை, கறுப்புச் சேவல். குஞ்சு என்ன நிறம்?

பதில்: எந்த வெள்ளை? லெக்ஹார்ன் இனத்தின் வெள்ளை ஓங்குபண்பு, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். குஞ்சுகள் வெள்ளையாக வரும், அங்கங்கே கறுப்புப் பொட்டு இருக்கும். ஒடுங்கு வெள்ளை (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே தெரிவது) என்றால், சேவலிலும் அது ஒளிந்திருந்தால் ஒழிய ஒரு குஞ்சும் வெள்ளையாகாது.

கேள்வி: நிறமெல்லாம் சேவல் வழிதான். பெட்டை வெறும் முட்டைக்குத்தான். எங்க பெரியவங்க சொன்னது.

பதில்: பாதிதான் சரி. பெரும்பாலான நிற மரபணுக்கள் இருவரிடமிருந்தும் சமமாக வரும். மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. அதனால் மகளுக்கு இசட் தகப்பனிடமிருந்து மட்டுமே கிடைக்கும். இறகின் குறுக்கே ஓடும் வரி, வெள்ளி-தங்க வேறுபாடு ஆகியவை இசட்டில் இருப்பவை.

கேள்வி: அப்போ நான் சொன்னது சரிதானே அண்ணா?

பதில்: மகன்களை மறந்துவிட்டீர்கள். ரோட் ஐலண்ட் ரெட் (சிவப்பு இனம்) சேவலை, வரியுள்ள பிளைமவுத் ராக் பெட்டையோடு விடுங்கள். தாயின் வரி மகன்களுக்கு மட்டும் போகும். பொரித்து ஈரம் காய்ந்ததும் பின்மண்டையைப் பாருங்கள்: கறுப்புப் பஞ்சில் ஓரம் ஒழுங்கில்லாத வெளிர்ப் பொட்டு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். அன்றே காலில் வளையம் போடுங்கள். மாற்றி விட்டால், அதாவது தூய வரிச் சேவலும் சிவப்புப் பெட்டையும் என்றால், எல்லாக் குஞ்சுக்கும் வரி வரும், பிரிக்க முடியாது. வெள்ளை லெக்ஹார்ன் சேவலை இதற்கு எடுக்காதீர்கள். வெள்ளைக்கு அடியில் பெரும்பாலும் வரி ஒளிந்திருக்கும்.

கேள்வி: சிவப்புச் சேவல், வெள்ளைப் பெட்டை. என்ன நிறம்?

பதில்: எந்த வெள்ளை என்று தெரிய வேண்டும். இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கறுப்புப் பெட்டை, பழுப்புச் சேவல்?

பதில்: பெட்டை தூய கறுப்பானால் குஞ்சுகள் பெரும்பாலும் கறுப்பு, கழுத்தில் தங்கக் கசிவு.

கேள்வி: லாவெண்டரும் நீலமும் ஒன்றா? என் கறுப்புச் சேவல் லாவெண்டரை மறைத்து வைத்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒன்றல்ல. லாவெண்டர் என்ற வெளிர் சாம்பல் நிறம் ஒடுங்குபண்பு, ஜோடி இரண்டும் லாவெண்டர் என்றால் குஞ்செல்லாம் லாவெண்டர். ஆனால் தொடர்ந்து அதற்குள்ளேயே சேர்த்தால் வால், இறக்கை இறகுகள் நைந்து கிழிவது வலுக்கும். இடையிடையே கறுப்பைச் சேர்க்க வேண்டும். உங்கள் சேவலை லாவெண்டர் பெட்டையோடு விடுங்கள். ஒரு குஞ்சு லாவெண்டராக வந்தாலும் முடிவு தெரிந்துவிடும். மறைத்து வைத்திருக்கும் சேவலுக்கு ஏழு குஞ்சும் கறுப்பாகவே அமைய 128-இல் ஒரு வாய்ப்புதான். அதற்கு முன் அந்தப் பெட்டையும் மூன்று வாரம் தனியாக இருக்க வேண்டும்.

கேள்வி: குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல்...

பதில்: கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

கேள்வி: சேவலை மாற்றிப் பத்து நாள்தான் ஆச்சு. முட்டைகளை அடை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அவற்றைச் சமையலுக்கு எடுங்கள்.