பிளக்-இன் ஹைப்ரிட் காரில் இன்னொரு பேட்டரி பேக் சேர்க்கலாமா?

கேள்வி: எட்டு வருடப் பழைய பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோலிலும், பிளக்கில் ஏற்றிய கரண்டிலும் ஓடுகிற) எஸ்யூவி ஒன்று வாங்கியிருக்கிறேன். கம்பெனி பேட்டரி சுமார் 10 யூனிட் (கிலோவாட்-அவர்). முழுசாக சார்ஜ் ஏற்றினாலும் 20 கிலோமீட்டர்தான் கரண்டில் ஓடுகிறது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பெட்ரோல் இல்லாமல் போகும்படி, வெளிப் பட்டறையில் கட்டிய பேட்டரி பேக் ஒன்றை டிக்கியில் சேர்க்க முடியுமா?

பதில்:

வேண்டாம். பணம் கைவசம் இருந்தாலும் வேண்டாம்.

நான் காரைக்குடியில் வீடுகளுக்கு சோலார் போட்டு, அதற்கு லித்தியம் பேட்டரி பேக்கும் கட்டிக் கொடுக்கிறேன். 48 வோல்ட், இரும்பு பாஸ்பேட் செல், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணிக்கும் சர்க்யூட்), பெட்டி எல்லாம் எங்கள் பட்டறையிலேயே. அதைப் பார்க்கிற பலரும் அடுத்துக் கேட்பது, "இதையே காரில் வைத்துவிடலாமே?" என்பதுதான். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து உங்களைப் போலவே பழைய பிளக்-இன் கார் வாங்கிய என் மாமா ஒருவரும் கேட்டார். "அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953-லேயே சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊரப்பா இது. இங்கே ஒரு பேட்டரி சேர்க்க ஆள் இல்லையா?" என்றார். ஆள் இருக்கிறார்கள். நல்ல செல்லும் கிடைக்கிறது. கஷ்டம் செல்லில் இல்லை. ஓடுகிற காரின் உயர் வோல்டேஜ் சுற்றுக்குள், அந்தக் காருக்குத் தெரியாத ஒன்றை நுழைப்பதில் இருக்கிறது.

இதை முன்பு செய்து காட்டியவர்கள் உண்டு. 2004-இல் கலிஃபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற ஆர்வலர் குழு, சாதாரண டொயோட்டா ப்ரியஸில் லெட்-ஆசிட் பேட்டரிகளை அடுக்கி, வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றும் காராக மாற்றியது. அப்புறம் 2008 வாக்கில் ஹைமோஷன் என்ற பெயரில் 5 யூனிட் லித்தியம் பேக் விற்பனைக்கே வந்தது. எடை சுமார் 85 கிலோ, விலை சுமார் 10,000 டாலர். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ப்ரியஸின் சொந்த பேட்டரி வெறும் 1.3 யூனிட், அதன் மேல் 5 யூனிட் என்றால் பெரிய தாவல். காரின் கம்ப்யூட்டரிடம் "பேட்டரி நிறைய இருக்கிறது" என்று இந்தச் சேர்த்த பேக் சொல்லிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் நம்பி மோட்டாரை அதிகமாக ஓட்டும். பிளக்-இன் கார் பெரிய கம்பெனிகளிடம் கிடைக்காத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 2010 கடைசியில் செவ்ரோலே வோல்ட் 16 யூனிட் பேட்டரியோடு ஷோரூமுக்கு வந்ததும் அந்த நியாயம் குறைந்துவிட்டது. ஹைமோஷன் பேக்கைச் செய்த ஏ123 நிறுவனம் 2012 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. உங்கள் பேக்கைக் கட்டிக் கொடுக்கிறவர் அது உழைக்கும் காலம் முழுவதும் தொழிலில் இருப்பாரா என்று யோசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2008-இல், இப்படி மாற்றப்பட்ட ஒரு ப்ரியஸ் அமெரிக்காவில் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. விசாரித்ததில் செல்லின் வேதியியல்மேல் குறை வரவில்லை. போல்ட் போட்டு இணைத்த மின் இணைப்பு சரியாகப் பொருத்தப்படாமல் சூடேறியதுதான் காரணம் என்று வந்தது. நான் தினமும் செய்கிற வேலை அந்த போல்ட் முடுக்குகிற வேலைதான். வீட்டுச் சுவரில் அசையாமல் நிற்கிற பெட்டியிலேயே டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்கி, ஆறு மாதம் கழித்துப் போய் மறுபடி பார்க்கிறோம். கண்டனூர், பள்ளத்தூர் ரோட்டுக் குலுங்கலில் ஓடுகிற காருக்குள் அதே இணைப்பு எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, உங்கள் காருக்கு வருவோம். பேக் சேர்க்க மூன்று வழி சொல்வார்கள்.

முதலாவது, நேராகப் பேரலலாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று கோப்பது. கம்பெனி பேக் 350 வோல்ட் பக்கம் இருக்கும். இரண்டு பேக்குக்கும் இடையே 10 வோல்ட் வித்தியாசம், வழியில் மொத்தம் 0.2 ஓம் மின்தடை என்றால், கோத்த அந்த நொடியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 50 ஆம்பியர் பாயும். அதைச் சமாளித்தாலும், பழைய கார்களில் பெரும்பாலும் நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் செல். சார்ஜ் குறையக் குறைய அதன் வோல்டேஜ் சரிந்துகொண்டே வரும். நீங்கள் சேர்க்கப் போகும் இரும்பு பாஸ்பேட் செல் கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் நிற்கும். இரண்டும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளாது. இன்னொன்று, 10 யூனிட் கம்பெனி பேக்கால் 60 கிலோவாட் வரை தள்ள முடியும். செல்லே அதற்கென்று செய்தது. சோலாருக்கு வாங்குகிற செல்லிடம் அந்த இழுவையைக் கேட்டால் சூடாகிவிடும். போதாததற்குக் காரின் கம்ப்யூட்டர், பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் போனது, வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எரர் காட்டும், பவரைக் குறைக்கும், ஸ்டார்ட் ஆகவே மறுக்கும்.

இரண்டாவது, 48 வோல்ட் பேக்கை வைத்து, ஒரு கன்வெர்ட்டர் மூலம் வோல்டேஜை உயர்த்தி உள்ளே ஊட்டுவது. முந்தையதைவிட இது பரவாயில்லை. ஆனால் அந்தக் கன்வெர்ட்டர்கள் தருவது சில கிலோவாட்தான். உங்கள் கார் 80-இல் போகும்போது 20 கிலோவாட் கேட்கும். மிச்சத்தைப் பழைய பேட்டரிதான் தர வேண்டும், அது தீர்ந்ததும் இன்ஜின் ஓடத்தான் செய்யும்.

மூன்றாவது, பேக்கோடு ஒரு இன்வெர்ட்டர் வைத்துக் காரின் சார்ஜிங் துவாரத்திலேயே செருகுவது. பிளக் செருகியிருந்தால் கார் நகரவே நகராது, கம்பெனியே அப்படித்தான் அமைத்திருக்கிறது. ஆக நின்றுதான் ஏற்ற வேண்டும். நிற்கிற இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தாலே போதுமே, பேக் எதற்கு?

விபத்து நேரத்தில் நடப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய பயம். கார் மோதி ஏர்பேக் விரியும்போது, அதே சிக்னலில் கம்பெனி பேட்டரியின் கான்டாக்டர் (பெரிய மின் சுவிட்ச்) திறந்து உயர் வோல்டேஜ் துண்டிக்கப்படும். உள்ளே மாட்டிக்கொண்டவரை இழுப்பவரும் தீயணைப்பு வீரரும் அதை நம்பித்தான் கை வைக்கிறார்கள். சேர்த்த பேக்குக்கு அந்த சிக்னல் போகாது. ஆரஞ்சு கேபிள் எங்கே ஓடுகிறது, சர்வீஸ் சுவிட்ச் எங்கே என்று மீட்பவர்களுக்கான குறிப்பேட்டில் இருப்பது கம்பெனி வைத்ததுதான். நீங்கள் டிக்கியில் வைத்தது அதில் இருக்காது. மின்சாரம் இருக்கிற கம்பியில் உதவ வந்தவர் கை வைக்கும் நிலையை நம் வண்டியில் நாம் உண்டாக்கக் கூடாது.

எடையையும் வெயிலையும் பாருங்கள். மதுரை சுமார் 90 கிலோமீட்டர். அந்த அளவு எஸ்யூவி 100 கிலோமீட்டருக்கு 28 யூனிட் வரை கேட்கும், ஆக 25 யூனிட் வேண்டும். கம்பெனி பேட்டரி புதிதாக இருந்தபோதே 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் எடுக்கத் தரும். மிச்சத்துக்கு 20 யூனிட் பேக் வைத்தால் பெட்டியோடு 150 முதல் 200 கிலோ. பின் அச்சுக்குப் பின்னால் மூன்று பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பது போல. ஸ்பிரிங், பிரேக், டயர் எதுவும் அதற்காகச் செய்ததில்லை. சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது, வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்ளே அதைவிட எவ்வளவோ கூடுதல். கம்பெனி பேட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு உண்டு. டிக்கிப் பெட்டிக்கு ஒன்றும் கிடையாது.

சட்டம் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. ஹைப்ரிட் மின்கிட்டைப் பின்னால் பொருத்துவதற்கு ஏஐஎஸ்-123 என்ற தரமும் ஒப்புதல் முறையும் இருக்கின்றன. பட்டறையில் கட்டிய பேக் அந்த ஒப்புதலோடு வராது. இன்சூரன்ஸில் சொல்லாமல் மாற்றினால், கிளெய்ம் வரும் நாளில் அதையே காரணம் காட்டி மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

செலவையும் போட்டுப் பார்த்துவிடலாம். பேக், கன்வெர்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 12 என்றால் கிலோமீட்டருக்கு 8.30 ரூபாய். கரண்டில் சார்ஜிங் நஷ்டம் சேர்த்து யூனிட் 9 ரூபாய் கணக்கில் 2.90. மிச்சம் 5.40. வாரம் ஒரு தடவை மதுரை போய்வந்து, சேர்த்த பேக்கால் 125 கிலோமீட்டர் கூடுதலாகக் கரண்டில் ஓடினாலும் வாரம் 700 ரூபாய்க்குள்தான். போட்ட பணம் திரும்பி வரப் பதினாறு வருடத்துக்கு மேலாகும். மதுரையில் போய் அத்தனை யூனிட்டையும் ஏற்ற, 16 ஆம்பியர் பாயிண்டில் எட்டு மணி நேரம் நிற்கவும் வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இருக்கிற பேட்டரியின் நிலையைப் பாருங்கள். கரண்டில் ஓட்டித் தீர்த்துவிட்டு, ஒரு சப்-மீட்டர் வழியாக முழுசாக ஏற்றி எத்தனை யூனிட் இழுக்கிறது என்று குறியுங்கள். நல்ல நிலையில் 8 யூனிட்டுக்கு மேல் வரும். செல்கள் தொடராக இருப்பதால், ஒரே ஒரு மாட்யூல் (சில செல்கள் சேர்ந்த தொகுதி) பலவீனமானாலும் அது காலியாகும்போது மொத்த பேக்கும் நின்றுவிடும். நன்றாக இருக்கிற மற்ற மாட்யூல்களின் சார்ஜ் பயன்படாமல் கிடக்கும். உயர் வோல்டேஜ் பயிற்சி பெற்ற சர்வீஸ் ஆளிடம் செல் வோல்டேஜ்களைத் தனித்தனியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாமா வண்டியில் அப்படி ஒரு மாட்யூல்தான் கோளாறு. அதை மாற்றியதும் தேவகோட்டைக்குப் போகிற தூரம் முழுவதும் கரண்டிலேயே ஓடுகிறது. புது பேக்குக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆனது.

அடுத்து வீட்டு வயரிங். நம் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். மீட்டர் முகப்பில், கார் பின்னால். 60 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து 16 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 14 வோல்ட் போய்விடும், கம்பியும் சூடாகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 6 வோல்ட்தான். வளவுக்குள் மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங்கிலிருந்து கிளை எடுக்கவே எடுக்காதீர்கள். மீட்டரிலிருந்து தனி லைன், தனி ஆர்சிபிஓ (மின்கசிவு, அதிக கரண்ட் இரண்டுக்கும் தானே அணைகிற பிரேக்கர்).

எர்த் இன்னும் முக்கியம். செம்புறாங்கல் பூமி கோடையில் காய்ந்து போகும். உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி அப்போது பேருக்குத்தான் இருக்கும். கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் ஏற்றவே தொடங்கும். "சார்ஜ் பாதியில் நிற்கிறது, பேட்டரி போச்சு" என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் எர்த் சரியில்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். காருக்குத் தனி எர்த் போட்டு, வைகாசியில் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

அப்புறம், சேருகிற இடத்திலும் ஒரு பாயிண்ட் ஏற்பாடு செய்யுங்கள். மதுரையில் நீங்கள் தங்குகிற வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு 16 ஆம்பியர் பிளக் இருந்தால், உங்கள் சிறிய பேட்டரி மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். அது ஒன்றே கரண்டில் ஓடும் தூரத்தை இரட்டிப்பாக்கும். காரில் சார்ஜைச் சேமிக்கும் மோடு இருக்கும்: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று போகும்போதே சார்ஜை முழுசாகத் தீர்த்துவிடாமல், மேலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் சீராக ஓடுகிறபோது பெட்ரோலை ஓடவிட்டு, மதுரை மாட்டுத்தாவணிக்குள் நுழையும்போது கரண்டுக்கு மாறுங்கள். ஊர்ந்து போகிற டிராஃபிக்கில்தான் பெட்ரோல் இன்ஜின் அதிகம் வீணாக்கும், மோட்டார் அதிகம் மிச்சம் பிடிக்கும்.

சப்-மீட்டர் ரீடிங் எடுத்ததும் கமெண்டில் போடுங்கள். 7-க்குக் கீழே வந்தால் மாட்யூல் பக்கம் போகலாம். 8-க்கு மேலே வந்தும் 20 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் பேட்டரியைத் தொட வேண்டாம். டயர் காற்று, பிரேக் ஒட்டுகிறதா, ஏசி எவ்வளவு இழுக்கிறது என்று அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.