நீலச் சுவரில் தொலைந்த கடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கூடத்திற்கு ஆழ்ந்த நீலமும் படுக்கையறைக்கு வெளிர்நீலமும் பூசி ஒரு மாதம் ஆகிறது. சுவர்கள் நன்றாகவே அமைந்தன. ஆனால் பழைய படங்களைத் திரும்ப மாட்டியதும் கூடம் களையிழந்துவிட்டது. வெள்ளைச் சுவரில் பளிச்சென்று இருந்த கடல் ஓவியம் இப்போது சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் மஞ்சளடித்துத் தெரிகின்றன. அவற்றின் மெல்லிய கறுப்புச் சட்டகங்கள் சுவருக்குள் மறைந்தேவிட்டன. பிரேம் போடுபவர் எல்லாவற்றுக்கும் தங்கநிறம் என்கிறார், என் தங்கை வெள்ளை என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் படங்களுக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. அவற்றின் அண்டை வீட்டுக்காரர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். இதே புகார் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸில் எழுந்தது. கோப்லான் சித்திரத் திரைச்சீலை ஆலையில், நீல, ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலுக்கு நெய்த கறுப்பு நூல் வலுவின்றி வெளிறித் தெரிகிறது என்று குறை சொன்னார்கள். 1824-இல் அங்கே சாயப்பிரிவின் பொறுப்பை ஏற்ற வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் நூல்களை ஆராய்ந்து, சாயத்தில் பிழை இல்லை, கறுப்பை ஒட்டி நிற்கும் நீலமே அதை அப்படிக் காட்டுகிறது என்று கண்டார். 1839-இல் அதையே ஒரு விதியாக விரித்து எழுதினார்: அருகருகே வைக்கப்படும் இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கண் மிகைப்படுத்துகிறது, ஒவ்வொன்றும் மற்றதன் எதிர்நிறத்தின், அதாவது நிறங்களை வட்டமாக அடுக்கினால் அதற்கு நேரெதிரே வரும் நிறத்தின், பக்கம் சற்றுச் சாய்ந்து தெரிகிறது.

நீலத்தின் எதிர்ப்பக்கத்தில் இருப்பவை மஞ்சளும் ஆரஞ்சும். ஆகவே நிறமே இல்லாத சாம்பல் சாயல்களால் ஆன உங்கள் தாத்தாவின் முகம், சுற்றிலும் நீலம் சூழ்ந்ததும் மஞ்சள் பக்கம் நகர்கிறது. கடல் ஓவியத்தின் நிலைமை வேறு. அதிலிருந்த நீலம் வெள்ளைச் சுவரில் அறையின் ஒரே நீலமாக இருந்தது; இப்போது அதைவிட அடர்ந்த நீலம் பல மடங்கு பரப்பில் அதைச் சூழ்ந்திருப்பதால், ஒப்பீட்டில் தோற்றுச் சாம்பலாகிறது. நீல அறைக்கு நீலப் படம் பொருந்தும் என்ற எண்ணம் ஏமாற்றுவது இங்கேதான். பொருந்த வேண்டுமானால் படத்தின் நீலம் சுவரைவிடத் தெளிவாக அடர்ந்தோ, தெளிவாக வெளிறியோ இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சட்டகத்தின் நிறத்தைப் பற்றி உங்கள் வீட்டில் நடக்கும் விவாதத்தில், அதைவிட முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது. படத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே வைக்கும் மவுண்ட் அட்டையைச் சொல்கிறேன். சுவரின் நீலம் படத்தைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் வேலையைச் செய்வது அதுதான். வழக்கமாக 3, 4 செ.மீ. விடுவார்கள், ஆழ்ந்த நீலத்தில் 7 செ.மீ.க்குக் குறைய வேண்டாம், சிறிய புகைப்படங்களுக்கு 10 கூட மிகையல்ல. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தூய வெள்ளை அட்டை போடுங்கள். தந்தநிற அட்டை நீலத்தின் அருகே இன்னும் மஞ்சளாகிப் படத்தையும் உடன் இழுத்துச் செல்லும். புகைப்படம் காலத்தால் ஏற்கெனவே பழுப்பேறியதாக இருந்தால் மட்டும் தந்தநிறம் இதமாக இருக்கும், அங்கே தூய வெள்ளை படத்தை அழுக்காகக் காட்டிவிடும். அட்டை அமிலமற்றதா என்று கேட்டு வாங்குங்கள். அமிலமுள்ள அட்டை சில ஆண்டுகளில் தான் பழுப்பாவதோடு படத்தின் ஓரத்திலும் பழுப்புக் கோடு பதித்துவிடும்.

இனி சட்டகம். இங்கே நிறத்துக்கு முன்பு பார்க்க வேண்டியது வெளிச்சமும் இருளும். உங்கள் கறுப்புச் சட்டகங்கள் மறைந்தது, கறுப்பும் ஆழ்ந்த நீலமும் இருள் அளவில் நெருங்கிய உறவினர் என்பதால்தான். கைப்பேசியில் சுவரைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அந்தச் சாம்பலில் எது பிரிந்து தெரிகிறதோ அதுவே சுவரிலும் பிரிந்து தெரியும். அதே கறுப்புச் சட்டகங்களைப் படுக்கையறையின் வெளிர்நீலத்தில் மாட்டினால் கோடு இழுத்தாற்போல் எடுப்பாக நிற்கும். தங்கை சொல்லும் வெள்ளை கூடத்தில் சரி. வெளிர்நீலத்தில் அது சுவரோடு கரைந்து மேகம்போல் ஆகிவிடும்.

மரச் சட்டகத்தைப் பலர் நிறமற்ற, நடுநிலையான தேர்வாகக் கருதுகிறார்கள். உண்மையில் பழுப்பு என்பது இருண்ட, மங்கிய ஆரஞ்சுதான். வெள்ளைச் சுவரில் அடக்கமாக இருக்கும் தேக்கு, நீலச் சுவரில் எதிர்நிறத்தின் வேகத்தோடு முன்னே வந்து நிற்கும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அகலமான மரச் சட்டகம் படத்தை விழுங்கிவிடும் என்பதால் மெல்லியதாக எடுங்கள். தங்கத்துக்கும் இதே நியாயம். நீலமும் பொன்னும் சேர்வதை மனிதர்கள் கண்டுபிடிக்கவில்லை. பழங்காலத்தில் அல்ட்ராமரீன் நீலத்தை எடுத்த லாப்பிஸ் லாசுலிக் கல்லிலேயே பைரைட் கனிமத்தின் பொன்துகள்கள் மினுங்குகின்றன. அந்தக் கல்லில் பொன் துகளாகத்தான் இருக்கிறது என்பதைப் பிரேம் போடுபவரிடம் சொல்ல வேண்டும். எல்லாப் படத்துக்கும் தங்கம் போட்டால் முதலில் தெரிவது தங்கம்தான். ஒன்றுக்கோ இரண்டுக்கோ, மெருகு மங்கிய பொன்னாகப் போடுங்கள்.

புதிதாகப் படம் வாங்குவதானால், உங்கள் நீலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அது பச்சைப் பக்கமா, ஊதாப் பக்கமா என்பது தெரியும். பச்சை கலந்த நீலத்துக்குச் செங்கல், சுடுமண் நிறங்களும், ஊதா கலந்த நீலத்துக்கு மஞ்சள், காவி நிறங்களும் உயிர் கொடுக்கும். இவை படத்தின் ஒரு மூலையில் இருந்தாலே போதும்.

இவ்வளவும் பகல் வெளிச்சத்தின் கணக்கு. 2,700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் விளக்கில் நீலக் கதிர்கள் குறைவு என்பதால், இரவில் கூடத்துச் சுவர் கறுப்பை நெருங்கிவிடும். 4,000 கெல்வின் அளவுள்ள விளக்கு நீலத்தை நீலமாகவே வைத்திருக்கும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் நீலமென்றால், இருண்ட படங்களின் கண்ணாடியில் எதிர்ச்சுவர் பிரதிபலித்துக் கறுப்பெல்லாம் நீலம் பாரிக்கும். அவற்றுக்கு மட்டும் பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி போடலாம்.

கடல் ஓவியத்தை மீட்க இரண்டு வழிகள் இருக்கின்றன. அகன்ற வெள்ளை அட்டையும் வெள்ளைச் சட்டகமும் போட்டு அதைச் சுற்றிப் பழைய வெள்ளைச் சுவரையே சிறிய அளவில் திரும்பக் கட்டலாம். கான்வாஸில் வரைந்ததென்றால் அட்டை போட முடியாது, நீலம் பூசாத ஓர் அறைக்கு அதை மாற்றிவிடுங்கள். எதைச் செய்வதானாலும், பிரேம் போடுபவரிடம் சட்டகங்களின் மூலைத் துண்டுகளை இரவல் வாங்கி வந்து, பகலில் ஒருமுறையும் விளக்கொளியில் ஒருமுறையும் உங்கள் சுவரிலேயே வைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.