இசை வாசகர் கேள்வி–பதில்: கேட்டு வாங்கிய பாடல்கள்

கேள்வி: மேற்கத்தியச் செவ்வியல் இசையில் 400 ஆண்டுப் பாடல்கள் குவிந்து கிடக்கின்றன. அப்படியிருக்க, ஒரு பாடகர் கைப்பணத்தைச் செலவழித்து இசையமைப்பாளரிடம் புதிய படைப்பை எழுதி வாங்குவது எதற்காக?

பதில்: குவிந்து கிடப்பவற்றில் பெரும்பாலானவை வேறு யாரோ ஒருவருடைய சாரீரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தம் குரலால் மட்டுமே சொல்லக்கூடியது ஒன்று உண்டு என்று உணரும் பாடகர், அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும். 1912இல் ஆல்பெர்ட்டீன் ட்செமே என்ற நடிகை, இசையின் துணையோடு கவிதைகளைச் சொல்லி நிகழ்த்துவதற்காக அர்னால்ட் ஷோன்பெர்க்கிடம் ஒரு தொகுப்பை எழுதித் தரும்படி கேட்டார். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நடக்கும் குரல், ஐந்து இசைஞர்கள், 21 கவிதைகள் என அமைந்த ‘பியரோ லூனேர்’ அப்படிப் பிறந்ததுதான். அதே ஆண்டு அக்டோபரில் பெர்லினில் ட்செமேயே அதை அரங்கேற்றினார். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்ற அந்தச் சேர்க்கைக்கென்றே பின்வந்த இசையமைப்பாளர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள்.

எல்லா நேரமும் கைப்பணம்தான் என்பதில்லை. அமெரிக்க சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல் வகைப் பாடகி) பெத்தனி பியர்ட்ஸ்லிக்காக மில்ட்டன் பாபிட் 1964இல் எழுதிய ‘ஃபிலோமெல்’ ஃபோர்ட் அறக்கட்டளையின் நிதியால் உருவானது. நாக்கு அறுக்கப்பட்ட ஒரு பெண் பறவையாகி மீண்டும் குரல் பெறும் கிரேக்கக் கதையை, மேடையில் நிற்கும் பாடகி ஒலிநாடாவில் உருமாறி ஒலிக்கும் தம் குரலோடு சேர்ந்து பாடுகிறார். பழைய உருப்படிகள் எதிலும் இதற்கு இடமில்லை.

கேள்வி: கற்பிக்கத் தொடங்கிவிட்டால் பாடகரின் மேடை வாழ்க்கை முடிந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை, அந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. மெஸ்ஸோ சோப்ரானோ (சோப்ரானோவுக்குச் சற்றுக் கீழான பெண் குரல்) ஜான் டிகெய்ட்டானி, ஜார்ஜ் கிரம்மின் ‘ஏன்ஷியன்ட் வாய்சஸ் ஆஃப் சில்ட்ரன்’ என்ற படைப்பை 1970இல் வாஷிங்டனில் முதன்முதலாகப் பாடினார். அதில் பாடகி திறந்த பியானோவின் கம்பிகளை நோக்கிப் பாடுகிறார். பியானோவின் கால்மிதி அழுத்தப்பட்டிருப்பதால் கம்பிகள் தாமாக அதிர்ந்து, அவர் நிறுத்திய பிறகும் அவருடைய குரலின் சாயலை முணுமுணுக்கின்றன. 1973இல் அவர் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஆசிரியரானார், கச்சேரிகளும் நின்றுவிடவில்லை. அவரிடம் பயின்ற டான் அப்ஷா, 2000இல் சால்ஸ்பர்க்கில் அரங்கேறிய காயா சாரியாஹோவின் ஆப்பராவில் (இசை நாடகத்தில்) முதன்மைப் பாத்திரத்தைப் பாடினார். பிறகு பார்ட் கல்லூரியில் இளம் பாடகர்களுக்கான பயிற்சித் துறையைத் தொடங்கினார். எழுதப்பட்டு மை காயாத பாடலை எப்படி அணுகுவது என்பதை, அதைச் செய்து பார்த்த ஒருவரிடம் நேரில் இருந்துதான் கற்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரிட்டிஷ் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல் வகைப் பாடகர்) பீட்டர் பியர்ஸ் 1980இல் பக்கவாதத்தால் பாட்டை நிறுத்திய பிறகும், 1986இல் மறையும் வரை கற்பித்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: நான் ஒரு சோப்ரானோ. என் குரலுக்கு ஒரு பாடல் தொகுப்பை எழுதி வாங்க விரும்புகிறேன். இசையமைப்பாளரிடம் முதலில் எதைச் சொல்ல வேண்டும்?

பதில்: ‘எந்த ஸ்தாயி வரை பாடுவீர்கள்’ என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதைவிட முக்கியமானது, எந்த இடத்துக்கு மேல் உங்கள் சொல் கேட்பவருக்குப் புரியாமல் போகிறது என்பது. ‘இ’, ‘உ’ ஆகிய உயிரொலிகளை அடையாளம் காட்டும் முதல் அதிர்வுநிலை (வாயும் தொண்டையும் இயல்பாக வலுவூட்டும் ஒலி அளவு) சுமார் 300 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. சோப்ரானோவின் உச்ச ‘சி’ என்ற சுரமோ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. அந்த உயரத்தில் வாயை அகலத் திறந்தே பாட வேண்டியிருப்பதால், எந்த உயிரொலியும் ‘ஆ’ போலவே கேட்கும். இதை அறியாதவர் கவிதையின் உயிர்ச்சொல்லைக் கொண்டுபோய் உச்சியில் வைத்துவிடுவார். ஆகவே, உங்கள் குரல் தடம் மாறும் சுரங்கள், களைப்பில்லாமல் நெடுநேரம் நிற்கக்கூடிய பகுதி, மெல்லப் பாட முடியாத இடங்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஒலிப்பதிவுகளோடு கொடுங்கள். நன்றாக வந்த பதிவுகளை மட்டும் கொடுத்தால் அவருக்குப் பாதிதான் தெரியும். தடுமாறிய ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

கவிதைக்குக் காப்புரிமை இருந்தால், ஒரு சுரம் எழுதப்படுவதற்கு முன்பே உரியவரின் அனுமதியை எழுத்தில் பெற்றுவிடுங்கள். படைப்பின் நீளம், கருவிகள், ஒப்படைக்கும் நாள், ஊதியம், எத்தனை மாதங்கள் நீங்கள் மட்டும் பாடலாம், ஒலிப்பதிவு உரிமை யாருக்கு என்பவையும் ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும். அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும்போதே இரண்டாவது கச்சேரிக்கும் நாள் குறித்துவிடுங்கள். ஒருமுறை பாடி அலமாரிக்குள் போய்விட்ட புதிய படைப்புகள் மிகப் பல.